கடலையும் மண்ணுக்குள்தானே? – சிறார் அறிவு நூல்கள் குறித்து ஒரு பாடம்

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, பெற்றோர்க்கும் விடுமுறைக் காலத்தில் பாலர் வகுப்பு நடத்தும் அன்பர்க்கும் பயன்படத்தக்க ஒரு பொருளை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம். வரலாறு, அறிவியல், அன்றாட உணவு ஆகியவற்றைக் கற்பிக்கும் நூல்களைச் சிறார்க்கு எவ்வாறு தேர்ந்து அளிப்பது, அளித்தபின் எவ்வாறு உடனிருந்து கற்பிப்பது என்பதே அப்பொருளாகும்.

சென்ற கோடை விடுமுறையில் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் அன்பர் ஒருவர் இல்லத்தில் ஒருநாள் தங்கியிருந்தோம். பொழுது சாயுமுன் உணவு முடித்துக்கொள்ளும் நல்வழக்கம் உடைய இல்லம் அது. அன்று மாலை அவித்த நிலக்கடலை பரிமாறப்பெற்றது. நான்காம் வகுப்பில் பயிலும் பேரன் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, உருளைக்கிழங்கு மண்ணுக்குள் விளைகிறது, அதனால் உண்ணக்கூடாது என்கிறீர்கள். கடலையும் மண்ணுக்குள்தானே விளைகிறது? இதை மட்டும் ஏன் உண்கிறோம்?" என்று கேட்டான்.

"பெரியோர் வகுத்த வழி, கேள்வி கேளாமல் நட" என்றார் பாட்டனார். உடனிருந்த உறவினர் ஒருவர், "கிழங்கில் நஞ்சு உண்டென்று விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்றார். சிறுவன் விடவில்லை. "என் வகுப்பில் எல்லாரும் நாள்தோறும் உண்கிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றான். எவரிடமும் மறுமொழி இல்லை. நாமும் வாய்திறவாதிருந்தோம். அம்மௌனம் நம்மை உறுத்தியதன் விளைவே இக்கட்டுரை.

முதல் மறுமொழி அறியும் ஆவலை அடைத்துவிட்டது. இரண்டாவது மறுமொழியோ உண்மைக்கு மாறானது. பச்சை நிறம் பாய்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் மிகும் என்பது மெய்யே. ஆயினும் நல்ல கிழங்கு நஞ்சென்று எந்த ஆய்வும் கூறவில்லை. அறத்தைக் காக்கும் பொருட்டுப் பொய்யைத் துணைக்கு அழைத்தால், அப்பொய்யைக் கண்டுபிடிக்கும் நாளில் பிள்ளை அறத்தையும் சேர்த்து ஐயுறுவான். சத்தியத்தை அணுவிரதமாக ஏற்ற நமக்கு இது சிறு பிழை ஆகாது.

அறியும் வழி மூன்று

நம் மரபு கல்வியைச் சிறார்க்கு மறுத்த மரபன்று. ஆதிபகவனாகிய விருஷபதேவர் தம் புதல்வியர் இருவருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்று ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கூறுகிறது. கற்பக மரங்கள் மறைந்து மக்கள் பசியால் வருந்தியபோது உழவு முதலிய ஆறு தொழில்களைக் கற்பித்தவரும் அப்பெருமானே. எழுத்தும் எண்ணும் உணவும் ஒருங்கே கற்பிக்கப்பெற்றதை ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்டு வளர்ந்தோர் அறிவர்.

பொருளை அறியும் வழிகளையும் நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்தனர். பொறிகளால் நேரே அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கோர் மொழியாலும் நூலாலும் அறிவது உரை. மலைமேல் எழும் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவது கருதலுக்குப் பழைய எடுத்துக்காட்டு.

சிறார்க்குரிய அறிவு நூல் ஒவ்வொன்றையும் இம்மூன்றையும் கொண்டே அளந்து பார்க்கலாம். தான் சொல்லும் செய்தி எவ்வழியால் அறியப்பெற்றது என்பதைப் பிள்ளைக்கு உணர்த்தும் நூல் நல்ல நூல். மூன்றையும் ஒன்றாகக் கலந்து, எல்லாவற்றையும் ஒரே குரலில் முடிந்த முடிபாகக் கூறும் நூல், எத்துணை வண்ணப்படங்கள் கொண்டிருப்பினும் குறையுடையதே.

கடலைக்கு மறுமொழி

இனிச் சிறுவனின் வினாவிற்கு வருவோம். நிலக்கடலைச் செடியில் மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. கருவுற்றபின் பூவின் அடியிலிருந்து காம்பு போன்ற ஒரு பகுதி நீண்டு வளைந்து மண்ணுக்குள் இறங்குகிறது. இதனையே உழவர் விழுது இறங்குதல் என்பர். அதன் நுனியில் காய் முற்றுகிறது. ஆகவே கடலை என்பது வேரும் அன்று, கிழங்கும் அன்று. அவரை, துவரை போல அதுவும் காய்க்குள் இருக்கும் விதையே. இதனைப் பிள்ளை வயலில் ஒரு செடியைப் பிடுங்கித் தன் கண்ணாலேயே காணலாம். இது காட்சி.

உருளைக்கிழங்கோ உணவைச் சேமித்துப் பருத்த தண்டு. அதன்மேல் உள்ள கண்கள் ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. கண்ணுள்ள துண்டை நட்டால் புதுச்செடி எழும். இதுவும் காட்சியே.

கந்தமூலங்களில் எண்ணிறந்த உயிர்கள் ஓருடலைப் பகிர்ந்து வாழ்கின்றன என்பதும், ஆதலின் அவற்றை விலக்குக என்பதும் ஆகமம் கூறுவன. இது உரை. கிழங்கின் கண்களை எண்ணிக் காட்டி ஆகமத்தை மெய்ப்பித்துவிட்டோம் என்று நாம் சொல்லலாகாது. தாவரநூல் கூறும் மொட்டு வேறு, ஆகமம் கூறும் உயிர்த்தொகுதி வேறு. "விலக்குவதற்குக் காரணம் கொல்லாமை. நம் உடல்நலத்தைக் கருதி அமைந்த விதி அன்று இது" என்று நேரே கூறினால் பிள்ளைக்கு விளங்கும். தன் வகுப்புத் தோழர்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற ஐயமும் அப்பொழுதே அகலும். உண்போரை இழித்துரைக்கும் எண்ணமும் அவன் உள்ளத்தில் முளைக்காது.

இன்னொரு வினாவும் எழலாம். "பழைய ஆகமத்தில் உருளைக்கிழங்கின் பெயர் உண்டா?" இல்லை. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதிக்கு உரியது. நிலக்கடலையும் தென்னமெரிக்கப் பயிரே. மிளகாய், தக்காளி ஆகியனவும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவையே. 1492-இல் கொலம்பஸும் 1498-இல் வாஸ்கோ ட காமாவும் கடல்வழி கண்ட பின்னரே இவை இந்நாட்டை அடைந்தன. விதி முன்னரே இருந்தது. புதிதாக வந்த கிழங்கைப் பெரியோர் அவ்விதிக்குள் அடக்கினர். கடலையைப் பருப்பு வகையோடு சேர்த்தனர். இவ்வாறு ஆய்ந்து சேர்த்தது கருதலின்பாற்படும்.

கடலை பறிக்கும்போதும் மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் வருந்துகின்றனவே என்று அவன் மேலும் கேட்டால், ஆம் என்றே சொல்ல வேண்டும். இல்லறத்தார் ஏற்பது அணுவிரதம். தீங்கைக் குறைத்துக்கொண்டே செல்வது அதன் நெறி. தீங்கே இல்லை என்று நடிப்பது அதன் நெறி ஆகாது.

ஒரு கட்டி வெல்லம்

வரலாறு, அறிவியல், உணவு என்பவற்றைத் தனித்தனிப் பாடமாகக் கருதுகிறோம். பிள்ளையின் கையில் ஒரு கட்டி வெல்லத்தைக் கொடுத்துப் பாருங்கள். மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

விருஷபதேவர் கரும்பின் சாற்றைப் பயன்கொள்ளும் முறையை மக்களுக்குக் கற்பித்தார் என்றும், அதனால் இக்ஷ்வாகு என்னும் பெயர் ஏற்பட்டதென்றும் புராணம் கூறும். நெடுங்காலம் உணவின்றி நோன்பிருந்த அப்பெருமானுக்கு அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கரும்புச் சாற்றை ஆகாரதானமாக அளித்த நாளே அட்சய திருதியை. இது நமக்கு ஆகமவழி வந்த செய்தி.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் குறிப்பிடுகிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரியே. பாப்பாரப்பட்டிச் சிறுவனுக்கு இது தன் மண்ணின் செய்தி. எனினும் இது புலவர் ஒருவர் தம் அரசனின் குடிப்பெருமையாகக் கூறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரும்பு வெளியிலிருந்து வந்த பயிர் என்ற நினைவு அக்காலத்தே இருந்தது என்பதற்கு இப்பாட்டு சான்று.

தாவரநூலார், தடித்த இனிப்புக் கரும்பு முதன்முதல் நியூகினித் தீவுப் பகுதியில் பயிராக்கப்பெற்றது என்று முடிவு கூறுகின்றனர். காட்டுக் கரும்பினங்களையும் பயிர்க் கரும்பையும் ஒப்பிட்டுக் கண்ட முடிவு இது. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கே பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் இனிப்புக் கரும்பை, தானே வளரும் நாணல் இனத்தோடு கலப்புச் செய்து, கோ 205 என்னும் வகையை உருவாக்கினர். 1918-இல் அது உழவர்க்கு அளிக்கப்பெற்றது. இனிமையை ஒரு பெற்றோரிடமிருந்தும் உறுதியை மற்றொரு பெற்றோரிடமிருந்தும் அது பெற்றது. அந்நிலையத்தில் பணிபுரிந்த ஜானகி அம்மாள் கரும்பின் உயிரணுக்களை ஆராய்ந்து புகழ்பெற்றார். பிராமி, சுந்தரி வரலாற்றைக் கேட்கும் நம் பெண்குழந்தைகள் இவர் வரலாற்றையும் கேட்க வேண்டும்.

புராணம், புறநானூறு, தாவரநூல் ஆகிய மூன்றும் கரும்பைப் பற்றி மூன்று செய்திகளைக் கூறுகின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்து வீழ்த்துவது அறிவு ஆகாது. ஒவ்வொன்றும் எவ்வகைச் சான்று, எவ்வினாவிற்கு மறுமொழி என்று பகுத்துக் காட்டும் நூலே பிள்ளைக்குத் தேவை.

வெல்லம் காய்ச்சுமிடத்திற்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். ஏறத்தாழ 100 கிலோ கரும்பிலிருந்து 10 கிலோ வெல்லமே கிடைக்கிறது. எஞ்சியது சக்கையும் ஆவியாகிய நீருமே. சாற்றில் சுண்ணாம்பு நீர் சேர்த்து அழுக்கைத் திரட்டி அகற்றுவதையும் காணலாம். வெளிறிய நிறம் பெறுவதற்காகச் சிலர் ஹைட்ரோஸ் என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கின்றனர். கருமை கலந்த வெல்லத்தைப் பிள்ளை வெறுக்காதிருக்க இது ஒன்றே போதும். அதே வேளையில், வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே என்பதை மறைக்கலாகாது.

வெள்ளைச் சர்க்கரை எலும்புக் கரியால் வடிக்கப்பெறுகிறதா என்று நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கின்றனர். அயல்நாடுகளில் சில ஆலைகள் அம்முறையைக் கையாள்வது உண்மை. நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை சுண்ணாம்பையும் கந்தக ஈராக்சைடையும் கொண்டு சாற்றைத் தெளிவிக்கின்றன. அச்சுறுத்தும் பாதி உண்மையைவிட முழு உண்மை விரதத்திற்கு வலிமை தரும்.

தகடூரும் பாப்பாரப்பட்டியும்

வரலாற்று நூல்கள் வடநாட்டு மன்னரோடு நின்றுவிடுவதாக நாம் குறைப்படுகிறோம். நம் ஊர்க்கு அருகில் உள்ளதை நாமே சொல்வதில்லை. தருமபுரியில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு ஒன்று சகம் 815, அதாவது கி.பி. 893-ஆம் ஆண்டிற்குரியது. நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில் நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகச் சகோதரர் இருவர் தகடூரில் ஜினாலயம் ஒன்று எடுப்பித்ததையும், மன்னனிடம் பெற்ற மூலப்பள்ளி என்னும் ஊரை நிதியண்ணன் கனகசேன சித்தாந்த படாரர்க்கு வழிபாட்டிற்கும் பழுதுபார்ப்பிற்கும் அளித்ததையும் அது கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் இங்கே நம் அறம் தழைத்திருந்தது என்பதற்கு இது ஐயமற்ற சான்று.

1981-இல் ஜம்பையில் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடத்தைக் குறிக்கிறது. அதில் சமணர் என்ற சொல் இல்லை. அக்காலத்துப் பிற குகைகளோடு ஒப்பிட்டே அறிஞர் பலர் அதனைச் சமணத் துறவியர் உறைவிடம் என்பர். முன்னது நேர்ச்சான்று, பின்னது கருதல். "எல்லாக் குகையும் நம்முடையதே" என்று அடித்துக் கூறும் நூலைவிட, இவ்வேறுபாட்டைச் சொல்லும் நூலையே நாம் விரும்ப வேண்டும். பிறர் நம் வரலாற்றை மறைக்கும்போது வருந்தும் நாம், நம் வரலாற்றை மிகைப்படுத்தவும் கூடாது.

பாப்பாரப்பட்டியின் பெயரை நாடறியச் செய்தவர் சுப்பிரமணிய சிவா. 1884-இல் வத்தலக்குண்டில் பிறந்த அவர், சிறையில் தொழுநோய்க்கு ஆளானார். அரசு அவர் புகைவண்டியில் செல்லத் தடை விதித்தது. அவர் கால்நடையாகவே ஊர்தோறும் சென்றார். பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் அமைத்தார். பாரதமாதா ஆலயத்திற்கு 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். ஆலயம் எழுவதைக் காணாமலே 1925 ஜூலை 23-இல் சிவா அவ்வூரிலேயே உயிர்நீத்தார். இம்மாவட்டத்தின் கோபாலபுரத்தில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாற்றைச் சிறார்க்கு எழுதும்போது அறிவியலும் உடன்வர வேண்டும். தொழுநோய் பாவத்தின் சின்னம் அன்று. அது ஒரு நுண்ணுயிரால் வரும் நோய். 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் முற்றும் குணமாகக்கூடியது. இவ்வொரு வரி இல்லாத வரலாற்று நூல், தியாகியைப் போற்றிக்கொண்டே நோயுற்றோரை ஒதுக்கும் மனத்தை வளர்த்துவிடக்கூடும்.

வடித்த நீரும் வடியாத நஞ்சும்

அறியும் வழிகளைப் பகுத்துணராமை உடலுக்கே தீங்காவதும் உண்டு. நீரைத் துணியால் வடித்துப் பருகுதல் நம் இல்லங்களின் அடையாளம். சிற்றுயிர்களுக்கு இரங்கி ஏற்பட்ட வழக்கம் இது. நரம்புச்சிலந்தி நோயைப் பரப்பும் நீர்ப்பூச்சிகளையும் துணி தடுத்துவிடும். அந்நோயை இந்நாட்டிலிருந்து ஒழிப்பதில் துணியால் வடித்தல் பெருந்துணையாயிற்று. 1996-க்குப் பின் இங்கே அந்நோய் காணப்படவில்லை. 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது.

ஆனால் தருமபுரி மாவட்டத்தின் துன்பம் ஃபுளூரைடு. பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் உப்பு அது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தீங்கு. பல் முளைக்கும் பருவத்துச் சிறார்க்குப் பழுப்புக் கறை படியும். நெடுநாள் பருகினால் எலும்பும் மூட்டும் கெடும். கரைந்த உப்பைத் துணி வடிக்காது. கொதிக்க வைத்தால் நீர் குறைந்து உப்பு செறியுமேயன்றி அகலாது. இதனாலேயே ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பெற்றது.

"நம் முன்னோர் கூறிய வடித்தலே எல்லாவற்றிற்கும் போதும்" என்று எழுதும் நூல், அறியாமலே ஒரு குழந்தையின் எலும்பைக் கெடுக்கும். "வடித்தல் இன்னதைச் செய்யும், இன்னதைச் செய்யாது" என்று எழுதும் நூல், விரதத்தையும் காக்கும், குழந்தையையும் காக்கும்.

நூல் தேர்வு

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி இடத்தில் நின்றது தருமபுரி மாவட்டம். எழுத்தறிந்தோர் 100-க்கு 68 பேரே. இத்தகைய இடங்களில் ஒரு நல்ல நூல் பல இல்லங்களுக்குப் பயன்படும்.

தமிழில் சிறார் அறிவு நூல்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் 10 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 1987-இல் துளிர் இதழைத் தொடங்கினர். நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் சிறார் நூல்களை வெளியிட்டு வருகிறது. வாங்குமுன் நான்கு செய்திகளை நோக்குக.

முதலாவது, பதிப்பாண்டு. 2006-க்கு முற்பட்ட நூல் கோள்கள் ஒன்பது என்னும். 2004-க்கு முற்பட்ட நூல் கிருஷ்ணகிரியைத் தருமபுரி மாவட்டத்தில் சேர்க்கும். அதனால் பழைய நூலை எறிய வேண்டா. மாறியதைப் பிள்ளையுடன் சேர்ந்து ஓரத்தில் குறித்தால் அதுவே ஒரு பாடமாகும்.

இரண்டாவது, சான்று. "அறிஞர் கூறுகின்றனர்" என்று மட்டும் உள்ளதா, எவ்வாறு கண்டனர் என்பதும் உள்ளதா?

மூன்றாவது, அளவு. கேழ்வரகு சத்துள்ளது என்பதோடு நில்லாமல், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அரிசியில் அதில் சிறுபங்கே உண்டு என்று ஒப்பிட்டுக் காட்டுகிறதா?

நான்காவது, நடுநிலை. நம்மைப் புகழ்வதற்காகவோ பிறரை இகழ்வதற்காகவோ உண்மையை வளைக்கிறதா?

நூலோடு நிலமும் வேண்டும். பாப்பாரப்பட்டியிலேயே வேளாண்மை அறிவியல் நிலையம் அமைந்துள்ளது. அதுபோல் அவரவர் ஊர்க்கு அருகில் உள்ள பண்ணை, அருங்காட்சியகம், நூலகம் ஆகியவற்றிற்குச் சிறாரை அழைத்துச் செல்லுதல் பெற்றோர் கடன்.

பாலர் வகுப்புப் பயிற்சி

1. ஏட்டில் கண்டது, கருதியது, கேட்டது என மூன்று பத்தி வரைக. இன்று உண்ட ஓர் உணவைப் பற்றி அறிந்தவற்றை அவற்றுள் பிரித்து எழுதுக.

2. நிலக்கடலைச் செடி ஒன்றின் படம் வரைந்து, பூவும் விழுதும் காயும் உள்ள இடங்களைக் குறிக்க.

3. கரும்பு பற்றிய மூன்று செய்திகளுள் எது எவ்வகைச் சான்று?

4. உங்கள் வீட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? துணியால் வடிப்பதனால் எது நீங்கும், எது நீங்காது?

5. உங்கள் ஊர்க்கு அருகில் உள்ள கல்வெட்டு ஒன்றின் காலத்தையும் செய்தியையும் பெரியோரிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் எழுதுக.

அச்சிறுவனுக்கு நாம் பின்னர் மடல் எழுதி, கடலையின் வரலாற்றைத் தெரிவித்தோம். அவன் செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுமடல் வரைந்தான். "விழுது இருக்கிறது, நீங்கள் சொன்னது சரி. மண்ணில் ஒரு புழுவும் இருந்தது. அதை நிழலில் விட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தான். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளுள் நன்ஞானம் நடுவில் நிற்பதன் பொருளை அம்மடல் நமக்கு நினைவூட்டியது.

வாழ்க நல்லறம்! வளர்க மெய்யறிவு!